எதிர் வீட்டுக்காரி

தமிழ் நாவல்களில் நடக்கும் கெட்டதுக்கெல்லாம் எதிர் வீட்டுக்காரிதான் காரணம் என்று நாற்பது வயது தாண்டும்வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். குழந்தைகளைப் பட்டினி போடுபவள் அவள். நகையை ஒளித்து வைத்துவிட்டு வேலைக்காரி மேல் பழி போடுபவள் அவள். அப்பா வெளியூர் போய்த் திரும்புவதற்குள் மூத்த பெண்ணை ஒரு கிழவனுக்குப் பேசி முடிப்பவளும் அவளேதான்.

இதைப் பற்றி எனக்கு ஒரு கொள்கைகூட இருந்தது. தமிழர்கள் நெருக்கமான தெருக்களில் குடியிருப்பவர்கள், ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு அடுப்பு தெரியும், அந்தப் பயம்தான் அவர்களுடைய நாவல்களில் இப்படி வெளிப்படுகிறது என்பது அந்தக் கொள்கை. ஆபீஸ் கேன்டீனில் ஒருமுறை இதைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். நிறையப் படித்தவள் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நான் ஒரு தமிழ் நாவலைக்கூடப் படித்ததில்லை. கேட்டதுதான்.

படித்துக் காட்டியது என் சித்தி. அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பெற்றவள் எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவளுடைய தங்கைதான் சித்தி. வருஷம் திரும்புவதற்குள் பெரியவர்கள் கூடிப் பேசி, சித்தியை அப்பாவுக்கே கட்டிவைத்துவிட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வெளியாள் வருவதைவிட சொந்த ரத்தம் வருவது நல்லது என்று அந்தக் காலத்தில் ஒரு கணக்கு. ஆக, அவள் எனக்கு இரண்டு வகையில் சித்தி. அம்மாவின் தங்கை என்பதால் சித்தி. அப்பாவின் இரண்டாவது மனைவி என்பதாலும் சித்தி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அன்றைக்கு எனக்கு முதலாவது அர்த்தம் மட்டும்தான் தெரியும். இரண்டாவதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவளுக்கென்று பிள்ளை பிறக்கவும் இல்லை, அதனால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு கன்னடக் கதை இருந்தது. அதில் ஒரு மலத்தாயி வருவாள், மாற்றாந்தாய். குழந்தைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருவாள். நான் அந்தக் கதைக்கு நல்ல மார்க் வாங்கினேன். மலத்தாயி கன்னடப் புத்தகத்தில் இருப்பவள், சித்தி எங்கள் வீட்டில் இருப்பவள், இருவருக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் வீடு ஜோகுபாளையத்தில் ஒரு சந்தில். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். கீழே சித்தி, மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். அப்பா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. நான் பிறந்ததிலிருந்து வீட்டுக்குள் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருவில் எதிரே வருகிறவரைப் பொறுத்து ஏதோ ஒன்று. பேசச் சொன்னால் தமிழில் சண்டை போடுவேன். எழுதிக் காட்டினால் அது எனக்குக் கோலம்.

சித்திக்கு நாவல் பைத்தியம். பழைய பேப்பர் கடையிலிருந்து எடைக்கு வாங்கி வருவாள். அட்டை போயிருக்கும், சிலதில் கடைசிப் பக்கம் போயிருக்கும், போன முடிவை அவளே சொல்லிவிடுவாள். அண்ணன் தம்பி பிரிவது, செத்துப்போன அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் அழுவது, தான் யார் பெற்ற பிள்ளை என்று தெரியாமல் ஒருத்தன் ரயில் ஏறிப் போவது, இந்த ரகம்தான் அவளுக்குப் பிடிக்கும். துப்பறியும் கதையைக் கையால் தொடமாட்டாள்.

"செத்தவனை யார் கொன்னாங்கன்னு தெரிஞ்சி என்னா பண்றது? செத்துட்டான் இல்ல. இருக்கறவங்க என்னா ஆனாங்கன்னு சொல்லு" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து அப்பா தூங்கியதும் வாசிப்பு ஆரம்பிக்கும். அவரைக்காய் சீசனில் ஊறவைத்த பருப்பு ஒரு குண்டான் நிறைய எனக்கு முன்னால் இருக்கும். தோலிலிருந்து பருப்பைப் பிதுக்கிக்கொண்டே நான் கதை கேட்பேன். கெட்டவள் வருகிற இடத்தில் வேகமாகப் பிதுக்குவேன், பருப்பு எகிறிப்போய் அலமாரிக்கு அடியில் விழும். கெட்டவள் வருவதற்கு முன்னால் சித்தி ஒரு சின்ன இடைவெளி விடுவாள். "அப்போது கதவைத் திறந்துகொண்டு..." என்று நிறுத்துவாள். ஒரு மூச்சு. பிறகு, "எதிர் வீட்டுக்காரி வந்தாள்" என்பாள். அந்த இடைவெளியில் நான் பிதுக்குவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்ப்பேன். சஸ்பென்ஸ் வைத்துப் படிப்பதில் என் சித்தியை அடிக்க ஆளில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று சொல்ல முடியாது. நான் சின்ன வயதிலேயே குறுக்குக் கேள்வி கேட்பவள்.

"சித்தி, எதிர் வீட்டுக்காரி ஏன் இவங்க வீட்ல சோறு போடறா?"

சித்தி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்க வீட்ல கேஸ் தீந்துபோச்சு."

"அப்ப ராத்திரி ஏன் இங்கியே தூங்கறா?"

"சிலிண்டர் வர்ற வரைக்கும் இருப்பா."

அந்தக் காலத்தில் சிலிண்டர் வரத் தாமதமாகும் என்பது எனக்கே தெரியும் என்பதால் ஒப்புக்கொண்டேன். பிறகு இன்னொரு கதையில், "அந்த அப்பா ஏன் எதிர் வீட்டுக்காரி சொல்றதையே கேக்கறாரு?" என்று கேட்டேன். "அவரு சுபாவம் அது" என்றாள். ஒரு நாவலில் அப்பா எதிர் வீட்டுக்காரிக்குப் பட்டுப்புடவை வாங்கி வந்தபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. சித்தி பக்கத்தை வேகமாகப் புரட்டினாள். அந்த அத்தியாயம் கிழிந்துபோயிருக்கிறது என்றாள்.

இதில் வம்பு என்னவென்றால், எங்களுக்கும் ஓர் எதிர் வீடு இருந்தது. அதில் ஓர் எதிர் வீட்டுக்காரியும் இருந்தார். உருதும் தமிழும் கலந்து பேசுகிற ஆண்ட்டி, சித்தியைவிடச் சில வயது மூத்தவர், வாய் நிறையச் சிரிப்பு. ஒரு ரம்ஜான் அன்று கிண்ணம் நிறைய ஷீர் குர்மா என்கிற சேமியாப் பாயசம் கொண்டுவந்து, "லே பேட்டி, சாப்புடு" என்று என்னிடம் நீட்டினார். முந்திரியும் பேரீச்சையும் மேலே மிதந்தன. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்க மொதல்ல சாப்பிட்டுக் காட்டுங்க" என்றேன்.

ஆண்ட்டி சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி சாப்பிட்டுக் காட்டினார். சித்தியின் முகம் போன போக்கைப் பார்த்து, நான் ஏதோ பெரிய ஆபத்திலிருந்து தப்பிவிட்டதாக நினைத்தேன். அவள் ஆண்ட்டியை உள்ளே கூட்டிக்கொண்டு போய் நெடுநேரம் பேசினாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு ஆண்ட்டி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. வெளியே வந்து என் கன்னத்தைக் கிள்ளி, "நான் நல்ல எதிர் வீடுமா. கெட்டது எல்லாம் புஸ்தகத்துலே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு கதையில் எதிர் வீட்டுக்காரி வரவில்லை. அடுத்த தெருக்காரி என்று ஒருத்தி புதிதாக வந்தாள். "எதிர் வீட்டுக்காரி எங்க?" என்று கேட்டேன். வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டாளாம். பாதிக் கதையில் இப்படிச் செய்வது நியாயமில்லை என்று நான் சாதித்தேன். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு சித்தி அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்பூர்ப் பக்கம் சொந்தக்காரர் கல்யாணம். பந்தி முடிந்து பெண்கள் எல்லாம் ஓர் அறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவர் என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, பாவாடையை முட்டிக்கு மேல் தூக்கி, இந்தக் காலையும் அந்தக் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதுகு. எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒழுங்கா சோறு போடறாளா?" என்று கேட்டார்.

"போடறா. ஆனா கத்திரிக்கா போடறா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சித்தி கதவோரம் நின்றிருந்தாள், கையில் எனக்காகக் கொண்டுவந்த தண்ணீர் டம்ளர். அவள் சிரிக்கவில்லை. கத்திரிக்காயைப் பற்றிச் சொன்னதில் கோபம் என்று நினைத்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு நெடுநாள் அவள் கத்திரிக்காய் வாங்கவே இல்லை. நான் ஜெயித்துவிட்டதாகக் குதித்தேன்.

கொஞ்சம் பெரியவளானதும் தமிழ் படிக்கக் கற்றுக்கொடு என்று கேட்க ஆரம்பித்தேன். சித்தி மழுப்புவாள். "இந்த ஊர்ல பஸ் போர்டே கன்னடத்துல இருக்குது. தமிழ் எதுக்கு?" என்பாள். "கண்ணு கெட்டுப்போயிடும்" என்பாள். "நான்தான் இருக்கேனே" என்பாள். நானும் பி.காம்., வேலை, கல்யாணம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஊர் விடாது. ஆம்பூர்ப் பக்கம் போனால், "பெங்களூர்ப் பொண்ணு, தமிழு சுமார்தான்" என்று என் முன்னாலேயே சொல்வார்கள். இங்கே ஆட்டோக்காரர் முதல் வாக்கியத்திலேயே, "நீவு தமிழா?" என்று கண்ணாடியில் பார்ப்பார். ஆபீஸில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதி அனுப்பி என்னைச் சிரிக்கச் சொல்வார்கள். நான் கட்டை விரலைப் போட்டு ஒப்பேற்றுவேன். ஒருமுறை யாருடைய மாமனாரோ இறந்துபோன செய்திக்கு அந்த விரலைப் போட்டுவிட்டேன். "தமிழச்சியா இருந்துட்டு தமிழ் படிக்கத் தெரியாதா?" என்று யாராவது கேட்டால் எனக்கு முணுக்கென்று கோபம் வந்துவிடும். மூன்று மொழியில் காய்கறி பேரம் பேசுகிறேன், இன்னும் என்ன வேண்டும் என்று சண்டைக்குப் போவேன். சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் சித்தி படித்துக்கொண்டிருப்பாள். அந்தப் புத்தகத்துக்குள் எனக்குச் சேர வேண்டியது ஏதோ இருக்கிறது, கதவு மட்டும் பூட்டியிருக்கிறது என்று தோன்றும்.

போன வருஷம் சித்திக்குக் கண்ணில் புரை வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், பல்புக்கு நேர் கீழே உட்கார்ந்து பார்த்தாள், கடைசியில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா தடவிக்கொண்டிருக்க ஆரம்பித்தாள். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன், கொஞ்சம் ஆறிய பிறகு அடுத்ததற்கு, இரண்டும் முடிந்துதான் படிக்கக் கண்ணாடி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பேஜாரா இருக்குதுடி" என்றாள் சித்தி. எங்கள் வீட்டில் பேஜார் என்றால் துக்கம். மெட்ராஸ்காரர்கள் அதைத் தொல்லை என்று புரிந்துகொள்வார்கள். தொல்லை இல்லை. அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். சித்திக்குத் தெரியாமல் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து வரும்போது நாவலைக் கையிலெடுத்துச் சரசரவென்று படித்து அவளை அசத்த வேண்டும். அல்சூர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் வைட்ஃபீல்ட் போகும்வரை எனக்கு வேறு வேலை கிடையாது. போனில் எழுத்துப் பழகும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டேன். சந்தேகம் கேட்க ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண் இருந்தாள். விருதுநகர்க்காரி, ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கிறாள், எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயது இருக்கும்.

கன்னடத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனி எழுத்து. தமிழில் அப்படி இல்லை என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி. லைன் வீட்டில் நாலு குடித்தனத்துக்கு ஒரே குழாய் மாதிரி, நாலு சத்தத்துக்கு ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். பழத்துக்கும் அதே ப, பஸ்ஸுக்கும் அதே ப. எது எங்கே என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "அது தானா வரும்க்கா" என்றாள் விருதுநகர்க்காரி. எனக்குத் தானாக வரவில்லை. 'ரத்த பந்தம்' என்று ஒரு தலைப்பைப் பழத்து ப போட்டுப் படித்தேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, நீங்க சொல்றது கொளுத்திப் பிடிக்கிற பந்தம். இது சொந்த பந்தம். பஸ்ஸு ப போடுங்க."

"எழுதியிருக்கறது ஒண்ணுதானே? கொளுத்தறதா, ஒட்டறதான்னு நான் எப்படிக் கண்டேன்?"

"கதையப் படிச்சாத் தெரியும்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு நான் அப்போதே இரண்டு மசாலா தோசை வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

முதல் கண் ஆபரேஷன் முடிந்து சித்தி கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தாள். சினிமா வில்லன் மாதிரி இருந்தாள். நான் அவளுடைய அலமாரியிலிருந்து ஒரு நாவலை உருவி, எதுவும் சொல்லாமல் முதல் வரியைப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான், ஆனால் தப்பில்லாமல்.

சித்தி கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு, "நீ எப்படீ படிச்சே?" என்றாள். குரலில் சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வீட்டுக்குள் திருடனைப் பார்த்துவிட்டவளின் குரல் அது.

அன்றைக்கு அவள் நாவல் கேட்கவில்லை. தலை வலிக்கிறது, டிவி போடு என்றாள். அடுத்த நாள், "கோயில் புஸ்தகம் ஒண்ணு இருக்குதே, அத்தப் படி" என்றாள். அதற்கடுத்த நாள் நம்ப மாட்டீர்கள், துப்பறியும் கதை கேட்டாள். விருதுநகர்க்காரியிடமிருந்து ஒன்று வாங்கிவந்து படித்தேன். கொலைகாரன் யார் என்று தெரிவதற்குள் சித்தி தூங்கிவிட்டாள். நான் அலமாரிப் பக்கம் போனாலே, "அத்த விடு, தூசு, கண்ணுக்கு ஆவாது" என்று குரல் வரும்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் படிப்பின் லட்சணம் அவளுக்குத் தாங்கவில்லை, அதைச் சொல்ல மனசில்லாமல் சுற்றி வளைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எதிர் வீட்டு ஆண்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சொட்டு மருந்து வாங்கக் கிளம்பியதும், தனியாகப் பழகிப் பார்க்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். எனக்கு மிகவும் பிடித்த கதையைத் தேடி எடுத்தேன். அம்மா இல்லாத ஒரு சின்னப் பெண்ணை எதிர் வீட்டுக்காரி அரிசி ரூமில் பூட்டிவைப்பாள். அந்தப் பெண் கடைசியில் டீச்சராகிவிடுவாள். எத்தனையோ தடவை கேட்டது என்பதால் படிக்கச் சுலபமாக இருக்கும் என்று கணக்கு.

அரிசி ரூம் வரும் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். "அப்போது கதவைத் திறந்துகொண்டு" என்று இருந்தது. அடுத்த வார்த்தை எ-வில் தொடங்கவில்லை. மூன்றே எழுத்து. சி. த, மேலே புள்ளி. தி.

தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். சக்தியாக இருக்கலாம், ஏதாவது பாத்திரத்தின் பெயராக இருக்கலாம். பக்கத்தைப் போட்டோ எடுத்து விருதுநகர்க்காரிக்கு அனுப்பி, அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "சித்திக்கா. ஸ்டெப் மதர். ஏன், இதுகூடப் படிக்க வரலையா?" என்று குரல் அனுப்பினாள், பின்னால் குக்கர் விசிலோடு. புத்தகம் முழுக்கத் தேடினேன். எதிர் வீட்டுக்காரி என்று ஒருத்தி அதில் எங்குமே இல்லை. இன்னொரு நாவலை எடுத்தேன், அதிலும் இல்லை. சோறு போட்டது, அங்கேயே தூங்கியது, பட்டுப்புடவை கட்டியது எல்லாம் சித்திதான். எந்த வீட்டிலும் கேஸ் தீரவே இல்லை.

முதலில் வந்தது கோபம். எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். இதற்காகத்தானே எழுத்தே கற்றுக்கொடுக்காமல் விட்டாள். ஆம்பூரிலும் ஆபீஸிலும் நான் பட்ட அத்தனை அவமானமும் இந்த மூன்றெழுத்தை மறைப்பதற்கா? திரும்பி வரட்டும், கேட்டுவிடுகிறேன் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தேன்.

பிறகு புத்தகத்தில் அடுத்த பக்கம் கண்ணில் பட்டது. அங்கே அந்தச் சித்தி கரண்டியைக் காய்ச்சிப் பெண்ணின் காலில் சூடு வைக்கிறாள். எனக்குப் படித்துக் காட்டிய கதையில் சூடே கிடையாது. அந்தப் பக்கத்தை அவள் தாண்டியிருக்கிறாள். என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெரியம்மா ஞாபகம் வந்தார். அவர் தேடியது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு நான் கத்திரிக்காய் என்று பதில் சொன்னதும், கதவோரம் டம்ளரோடு சித்தி நின்றதும் ஞாபகம் வந்தன. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுதான் இருந்திருக்கும். ஓர் இளம் பெண், ஒவ்வொரு ஞாயிறும், அந்த வார்த்தை வரும்போதெல்லாம் மூச்சை நிறுத்தி, மாற்றிச் சொல்லிவிட்டு, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்திருக்கிறாள். அதைத்தான் நான் சஸ்பென்ஸ் என்று நினைத்திருந்தேன். அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன்.

அதற்காக நான் அவளைச் சும்மா விட்டுவிடவில்லை. மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊறவைத்த அவரைப் பருப்பை அவள் முன்னால் வைத்தேன். கண் தேவையில்லாத வேலை அது. அரிசி ரூம் நாவலை எடுத்து விரித்தேன்.

"எது அது?" என்றாள்.

"கேளு, தெரியும்."

இரண்டாவது வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வேணாம், பாப்பா" என்றாள். நான் காதில் வாங்காமல் படித்துக்கொண்டே போனேன். அரிசி ரூம் நெருங்க நெருங்க அவள் கை பிதுக்குவது குறைந்தது. "அப்போது கதவைத் திறந்துகொண்டு" என்று படித்து நிறுத்தினேன். அவள் கை அப்படியே நின்றது. நானும் அவளைப் போலவே ஒரு மூச்சு விட்டேன்.

"எதிர் வீட்டுக்காரி வந்தாள்" என்று படித்தேன்.

சித்தியின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. நான் தொடர்ந்தேன். எதிர் வீட்டுக்காரி பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். எதிர் வீட்டுக்காரி அரிசி ரூமைப் பூட்டினாள். எதிர் வீட்டுக்காரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவ எதுக்கு இவங்க வீட்டு அரிசி ரூமைப் பூட்டறா?" என்றாள் சித்தி. குரல் கம்மியிருந்தது.

"அவங்க வீட்ல கேஸ் தீந்துபோச்சு."

சித்தியின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று குனிந்து பார்த்தேன். இரண்டும்தான். "ஐயோ, கண்ணுல தண்ணி வரக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருடி" என்று திட்டிக்கொண்டே முந்தானையைத் தேடினாள். நான் மருத்துவமனையில் கொடுத்த பஞ்சை எடுத்து ஒற்றிவிட்டேன்.

"எத்தினி நாளா தெரியும்?"

"போன ஞாயித்துக்கிழமைலேர்ந்து. எதுக்கு இத்தினி பாடு? பேசாம என்னை அம்மான்னு கூப்பிட வெச்சிருக்கலாமே. அப்புறம் புஸ்தகத்துல சித்தி என்னா பண்ணா எனக்கென்ன?"

"எல்லாரும் அதான் சொன்னாங்க. உங்கப்பாவும் சொன்னாரு." அவள் ஒரு பருப்பை எடுத்துப் பிதுக்காமல் விரலுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். "அம்மான்றது எங்கக்கா பேருடி. அவ புடவைய எடுத்துக்கினேன், அவ அடுப்பை எடுத்துக்கினேன், எல்லாத்தையும் எடுத்துக்கினேன். அதையும் எடுத்துக்க எனக்கு மனசு வரலை."

நான் அந்தப் பருப்பை அவள் விரலிலிருந்து வாங்கிப் பிதுக்கிப் போட்டேன்.

"சித்தின்றது எம் பேரு. அக்கா இருக்கறப்பவே நீ என்னை அப்படிக் கூப்ட்டே. அப்ப உனக்குப் பேச்சே சரியா வராது. அக்கா உன்னைத் தூக்கிக் காட்டி, யாரு வந்திருக்கா பாருன்னு கேப்பா, நீ தித்தின்னு கைய நீட்டுவே. எனக்குன்னு இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். அதுக்கும் புஸ்தகத்துல சூடு போடறா, ரூம்ல பூட்டறா. நீ அத்தக் கேட்டுட்டு ஒரு நாள் என்னைத் திரும்பிப் பாத்துட்டா நான் என்னா பண்றது சொல்லு."

இந்தத் தடவை பஞ்சு எனக்குத் தேவைப்பட்டது. நல்லவேளையாக அப்போது சந்தின் அந்தப் பக்கத்திலிருந்து எதிர் வீட்டு ஆண்ட்டி வந்தார். சித்திக்காக ரசம் கொண்டுவந்திருந்தார். வயதாகிவிட்டது, வாசற்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார், சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

"க்யா, அம்மாளும் பொண்ணும் அழுதுட்டிருக்கீங்க?"

"உன்னைப் பத்திதான் படிச்சிட்டிருந்தோம். பாப்பாவ அரிசி ரூம்ல போட்டுப் பூட்டிட்டே" என்றாள் சித்தி.

"இன்னுமா நானு? எத்தினி வருஷம் நான் ஜெயில்லே இருக்கிறது?" என்று ஆண்ட்டி ரசத்தை வைத்துவிட்டு, அவரைப் பருப்பில் ஒரு கை அள்ளித் தன் முன்னால் போட்டுக்கொண்டு பிதுக்க உட்கார்ந்தார். அவருக்கு அத்தனை வருஷமும் எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்று உள்ளே கூட்டிக்கொண்டு போய் சித்தி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சிநேகிதிக்காக அவர் என்னிடம் கெட்டவளாக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"பாவம், அவளை விட்ரு" என்றாள் சித்தி என்னிடம். "எழுதியிருக்கறதையே படி."

"நெசமாவா?"

"படிடி. எனக்கு என்னா பயம் இப்ப."

அவள் முதுகை நேராக்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பயமில்லை என்று சொன்னாலும் கை புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தைத் திருப்பி, பழைய இடத்துக்கே போனேன். மறுபடி கதவு திறந்தது. நான் இடைவெளி விடவில்லை. விரலை அந்த மூன்று எழுத்தின் மேல் வைத்து, சத்தமாக, "சித்தி" என்று படித்தேன்.

"என்னாடி?" என்றாள்.